பைக்காராவில் இருபது நிமிடம்

படகுத்துறைப் பதிவேட்டில்
பெயர், வயது, கைபேசி எண்.
பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள்.
நான் எழுதுகிறேன் என்றேன்,
அம்மா தரவில்லை.

லைஃப் ஜாக்கெட்டுக்குள்
வேறு யாருடைய ஈரமோ மிச்சமிருந்தது.
எட்டுப் பேர் படகு.
செல்ஃபிக் கழி நீட்டிய புதுத் தம்பதி,
எலுமிச்சையை மூக்கிலிருந்து எடுக்காத ஒருவர்,
அவர் வீட்டார்,
நாங்கள்.

மலையிரண்டும் நெருங்கி
வழி குறுகுமிடத்தில்
எஞ்சினைத் தணித்தான் பெள்ளிராஜ்.
சோலைமரங்கள் சரிவெல்லாம் இறங்கிவந்து
செம்மண் பட்டைக்கு மேலே நின்றுவிட்டிருந்தன.
கோடையில் வற்றிய தண்ணீர்
விட்டுப்போன கோடு அது.

"இது ஆறா ஏரியா தம்பி?"
"ஏரிங்கம்மா. டிக்கெட்லயே போட்டிருக்கே."
"அணைக்கு முன்னால?"
"அப்ப ஆறுதான்."
"கட்டிப்போட்டாப் பேரு மாறிப்போகுமாக்கும்"
என்று தண்ணீரில் கைவிட்டாள்.

உள்ளே வைக்கச் சொன்னான். வைக்கவில்லை.
விரலிடுக்கில் என்னவோ இழுக்குது கண்ணு என்றாள்.
நானும் விட்டுப் பார்த்தேன்.
குளிர்தான் தெரிந்தது.

கரையேறியதும்
வந்த நேரம் குறிக்க
பதிவேட்டைத் திருப்பி நீட்டினார்கள்.
என் கிறுக்கலுக்கு மேலே
கோடு தாண்டாத பள்ளிக்கூட எழுத்தில்
'க. மயிலாத்தா, 63.'

அப்பா சுப்பண்ணன்.
ரேஷன் அட்டை, பாஸ்புக்,
ஆஸ்பத்திரிச் சீட்டு எதிலும்
அவள் சு. மயிலாத்தா.

நிமிர்ந்தபோது
கடைமுன் நின்று
ரெண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி
சொல்லிக்கொண்டிருந்தாள்,
நனைந்த கையைத் துடைக்காமல்
சற்றே தள்ளிப் பிடித்தபடி.