பொருளற்ற சொற்கள் பத்து

பட்டர்வொர்த். பள்ளி திறந்து ஆறாவது வாரம்.
நூலகத்தின் மூலையில், பழுதான பிரிண்டருக்குப் பக்கத்தில்
இரண்டு நாற்காலி, ஒரு கைப்பேசி,
அதில் பின்னோக்கி ஓடக் காத்திருக்கும் அறுபது நொடி.
மதிலுக்கு அப்பால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்
ஒவ்வொன்றும் ஜன்னலை ஒரு தரம் உலுக்கிவிட்டுப் போகின்றன.

ஹர்விந்த் உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை.

முதலில் பத்தி.
மழை விட்டதும் ஆற்றோரம் மீன் பிடிக்கப் போன
அக்கா தம்பி கதை.
தடங்கலே இல்லை. முற்றுப்புள்ளியில் மூச்சுகூட விட்டான்.
விரல் மட்டும் இரண்டு சொல் பின்தங்கி வந்தது,
பசார் மாலாமில் அம்மா இழுத்துப் போகும் பிள்ளைபோல.
பக்கத்தைத் திருப்ப நான் மறந்துவிட்டேன்.
அடுத்த பக்கத்தையும் வாசித்து முடித்தான்.

அதற்குத்தான் இந்த இரண்டாம் தாள்.
பத்துச் சொல். ஒன்றுக்கும் பொருள் கிடையாது.
வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது,
படத்தைப் பார்த்து ஊகிக்கப் படமும் இல்லை.

அவன் முதல் சொல்லைப் பார்த்தான். பிறகு என்னை.
"டீச்சர், இது தப்பா எழுதியிருக்கு."
தப்பில்லை. வாசி.
"அப்படின்னா என்ன?"
ஒன்றுமில்லை.
"ஒன்னுமில்லாதத ஏன் எழுதினாங்க?"

நாற்பத்தொன்று. நாற்பது.
இதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

நொழு.
கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால்,
நடுவில் மாட்டிக்கொண்ட ந.
மூன்று உரு, ஒரே ஒலி.
ஏழு வயதிடம் இது என்ன நியாயம் என்று
பதினெட்டு வருடத்தில் நான் கேட்டதில்லை.

"நெ" என்றான். அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தான்.
"நெ... நா..."
ஒரு லாரி போனது. ஜன்னல் அடங்கும்வரை காத்திருந்தான்.
உதடு தானாகக் குவிந்தது.
"நொ!"
என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துச் சிரித்தான்.
"நொ... ளு."

ளு. அது ழு.
எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ழகரம் வராது,
பசி நேரத்தில் எனக்கும்.
கட்டம் ஒன்று கேட்கிறது, அல்லது பூஜ்யம்.
பென்சிலைத் தூக்கியபடி இருந்தேன்,
கைப்பேசி கூவிவிட்டது.
மிச்சம் ஒன்பது சொல்லும் அப்படியே கிடந்தன.

பூஜ்யம் போட்டேன். அழித்தேன்.
அழித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

அவன் குதித்திறங்கி ஓடினான்.
வெளியே வரிசையில் பதினொரு பேர்.
ஏதோ சலசலப்பு, ஒரு சிரிப்பு, "ஷ்ஷ்".
அடுத்து வந்த தேஜாஷினி
நாற்காலியில் ஏறுவதற்கு முன்பே கேட்டாள்:
"நொளு எங்க டீச்சர்? கடிக்குமா?"

தாளின் முதல் சொல்லை அடித்துவிட்டு
வேறொன்று யோசிக்கிறேன்,
பொருளே இல்லாததாக.
வரமாட்டேன் என்கிறது.