சத்தம் ஏறும் இடம்

பக்கவாட்டில் கிடத்தி
முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்து இறுக்கியாயிற்று.
லூர்தம்மா முழித்திருக்கிறாள்.
முதுகில் போட்ட ஊசி
இடுப்புக்குக் கீழே அவளை அழித்துவிட்டது.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவளுடைய முகம்,
ஆமர் வீதிச் சந்தியில் தேங்காய் விற்கும் முகம்.
இந்தப் பக்கம் கால் மட்டும். அது எங்களுடையது.

ஒரு சாண் நீளத்துக்கு, பின்னால் வளைந்து போகிறது கத்தி.
கொழுப்பு. அதன் கீழே வெள்ளையாய் ஒரு உறை.
பிட்டத்துப் பெருந்தசையை வெட்டுவதில்லை,
நாரோடு நாராக விரலால் விலக்குவது.
"காலை உள்ளுக்குத் திருப்புங்க"
என்கிறார் டொக்டர் அபேசேகர.
சின்னத் தசைகளை எலும்போரமாய் அறுத்து
ஒவ்வொரு நுனியிலும் நூல் கட்டித் தொங்கவிடுகிறார்.
போகும்போது கூப்பிட வேண்டுமே அவற்றை.

மடக்கி, இழுத்து, சுழற்றியதும்
சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கிய மாதிரி
ஒரு சத்தம்.
வெளியே வந்தது பந்து.
வழுவழுக்க வேண்டிய தலையில் பாதி வழுக்கை,
தந்தம் போல் வெறும் எலும்பு.
வாள் கழுத்தில் இறங்க, என் கிண்ணத்தில் விழுந்தது
பதினொரு வருட நோவு.
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

பிறகு குழி.
நாற்பத்தி நாலு, நாற்பத்தி ஆறு, நாற்பத்தெட்டு:
மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன்.
துருவலையின் தலையேதான் இது, மோட்டார் பூட்டியது.
அவளிடம் சொல்லமாட்டேன்.
எலும்பில் பொட்டுப் பொட்டாய் இரத்தம் கசிந்ததும்
நிறுத்த வேண்டும்,
அங்கேதான் உயிர் இருக்கிறது, அங்கேதான் பிடிக்கும்.
கிண்ணிக்கு நாற்பது பாகை சாய்வு,
பதினைந்து பாகை முன்பக்கம்.
பிசகினால் ஒருநாள்
கோயில் வாங்கிலிருந்து எழும்பும்போது கழன்றுவிடும்.

இனித் தொடை எலும்பு.
அரம் போன்ற தண்டை உள்ளே விட்டுச் சுத்தியல்.
சின்னது, அடுத்தது, அதற்கடுத்தது.
டொக். டொக். டொக்.
மேசை அதிர்கிறது, அவளுடைய தலைமயிர்த் தொப்பி அதிர்கிறது.
டொக். டொக்.
டிங்.

"ஹரி மாத்தயா, ஹரி!"
துணிக்கு அந்தப் பக்கமிருந்து,
பஸ்ஸை மறிக்கிற குரலில்.
"சத்தம் ஏறியிட்டுது. இனி அடிச்சா வெடிக்கும்."

மயக்கமருந்து டொக்டர் சிரித்துவிட்டார்.
அபேசேகர சிரிக்கவில்லை.
தண்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.
இன்னொரு அடி வைத்திருந்தாரா, தெரியாது.
சுத்தியல் உயர்ந்திருந்தது,
அதை நான் கண்டேன்.
"அடுத்தது, மிஸ்" என்றார், மெதுவாக.

தற்காலிகத் தலையை மாட்டி, மூட்டைப் பூட்டி
முழங்கால்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம்.
கட்டையாய்ப் போயிருந்த கால்
மற்றதன் பக்கத்தில் வந்து நின்றது.
மடக்கினோம், திருப்பினோம், இழுத்தோம். கழரவில்லை.
நிஜத் தண்டு. இளஞ்சிவப்புப் பீங்கான் தலை, அதற்கு ஒரே ஒரு தட்டு.
நூல் பிடித்துத் தசைகளைக் கூப்பிட்டார்.
எலும்பில் துளைபோட்டு ஒவ்வொன்றாய்க் கட்டினார்.
நான் எண்ணினேன்: பஞ்சு இருபது, ஊசி ஒன்பது.
திரும்பவும் எண்ணினேன்.

மறுநாள் வார்ட்டில் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு
எழும்பி நின்றாள்.
யன்னலுக்கு வெளியே மழை,
முச்சக்கரவண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.
"இந்தப் பக்கம் தரை உயர்ந்துபோச்சு மிஸ்."
"இல்லை அம்மா. இப்பதான் ரெண்டு காலும் சமன்."
"அது உங்கட கணக்கு."

பதினொரு வருடமாய்
கொழும்பையே சரித்துவைத்து நடந்தவள்.
ஒரு அடி வைத்தாள். முகம் சுருங்கியது. இன்னொன்று.
கட்டிலுக்குத் திரும்பி வந்து, மூச்சு வாங்கி,
விலை பேசுகிறவள் போல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கழட்டினதைத் தட்டிப் பாத்தனீங்களா?"

இல்லை.
நான் தட்டிப் பார்க்கவில்லை.