நான்கு விரற்கடை

ஈசாஃபியோர்டூர் மீன் ஆலைக்கு
மாதம் ஒருமுறை வருவாள் தோர்தீஸ்,
செவிலிதான்; ஆனால் பையில்
ஊசியில்லை, அளவுநாடா.

பொஜேனாவின் தோளை அழுத்திப் பார்த்தாள்.
பிறகு காட் மீன் வெட்டும் மேசையை அளந்தாள்.
"நான்கு விரற்கடை உயர்த்துங்கள்.
குள்ளமான டனூட்டாவுக்கு
நிற்க ஒரு பலகை."

"எவ்வளவு ஆகும்?" என்றார் ஹாஃப்லிதி.
"போன குளிர்காலம்
வராதவர்களுக்கு எவ்வளவு ஆனது?"

பேரேட்டைப் புரட்டினார்.
கூட்டி முடிக்க நேரமாயிற்று.
காபி ஆறியது.
இன்னொரு முறை கூட்டினார்.

மார்ச் மாத விடுப்புப் பத்தியில்
பொஜேனா பெயரில்லை.
மிச்சம் என்றெழுதி
அடிக்கோடிட்டார்.

அந்த ஞாயிறு
குளியலறைத் திரையை
அவளே மாட்டினாள்,
வளையம் வளையமாக,
இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி,
யாரையும் கூப்பிடாமல்.