தடைதாண்டல்

விடிய நாலரைக்கு ஓட்டோ வந்தது.
படலையைப் பிடித்தபடி நின்றேன்.
வவுனியாவில் தர்மினிக்குத் தடைதாண்டல் பரீட்சை.
இரண்டு பிள்ளைப்பேறு,
என் மூன்று வருசக் கட்டார்,
நாலு தரம் தள்ளிப்போட்டது.

பிரிட்ஜில் ஒட்டிய கலண்டர் தாளின் பின்பக்கம்
பதினேழு வரி எழுதியிருந்தாள்.
கடைசி வரி: பதறாதேங்கோ.

பிட்டுக்கு மா குழைத்தேன்.
கொதிதண்ணி கூடிப்போச்சு.
நீத்துப்பெட்டியைக் கவிழ்க்க
ஒரு செங்கல் விழுந்தது.
யதுசன் விரலால் தட்டிப் பார்த்தான்.
"அப்பா, மதில் கட்டவோ?"

நான் சிரித்து முடிக்க முதல்
ஆரபி பால்மாப் பெட்டியைத் திறந்து
நிலத்தில் கொட்டி
அதில் நீந்திக்கொண்டிருந்தாள்.
விலையை நினைத்துக் கொஞ்சம்
அள்ளிப் போடலாமோ என்றும் பார்த்தேன்.
எறும்பு முந்திவிட்டது.

பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
மோட்டர் பாதியில் நின்றது.
கழுவாத சட்டி, ஊறப்போட்ட வெள்ளைச் சேட்டு,
கால் கழுவ வேண்டிய பிள்ளை.
பெரியவன் சின்னவளைப் பிடித்திருக்க
கிணற்றில் இருபத்தாறு வாளி அள்ளினேன்.
எண்ணினால் குறையும் என்று நினைத்தேன்.

மதிலுக்கு மேலால் ஒரு சட்டி வந்தது,
பின்னால் இராசமலர் அக்காவின் முகம்.
"பாவம், தனிய நிண்டு மாயுறீர்.
கணவாய்க் கறி. சாப்பிடும்.
உம்மைப்போல ஆம்பிளையள்
இப்ப எங்க இருக்கினம்?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லேல்லை.
சட்டியை இறக்கி வைத்தபிறகுதான்
மகனைக் கேட்டேன்:
"அப்பா வெளிநாட்டிலை நிக்கேக்கையும்
பெரியம்மா கறி தாறவவோ?"
"அம்மா சமைக்கிறவ தானே, அப்பா."

நாலு மணிக்குப் போன் வந்தது.
"எழுதிப்போட்டன். கடைசிக் கேள்விதான் நேரம் காணேல்லை.
நீங்கள் சாப்பிட்டீங்களோ?"
"ஓம்."
தட்டில் பாதிச் செங்கல். ஒரு ஈ.
இடுப்பில் இருந்தவள் வீரிட்டு அழுதாள்.
"அவள் சும்மா" என்றேன்.

சொன்ன பிறகு வாய் கூசியது.
தோஹாவில் கட்டிலில் கால் நீட்டியபடி
இரவிரவாக நான் கேட்ட கேள்வி அது.
அந்தப் பக்கமிருந்து
இதே ஓம், இதே அவசரத்தில்.
பின்னால் ஒரு அழுகை.
"அவன் சும்மா" என்பாள்.
நானும் நம்பி,
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்து நித்திரை கொள்வேன்.

கரண்ட் எப்ப வந்ததோ தெரியாது.
ஆரபி நெஞ்சில் கிடந்தாள்,
கால் கழுவாமலே.
கனவில் மழை பெய்தது.

படலைச் சத்தத்துக்கு விழித்தேன்.
மழை இல்லை. டாங்கி நிரம்பி
வாழையடியெல்லாம் வெள்ளம்.
பன்னிரண்டாம் வரி: மோட்டர் சுவிட்ச், மறக்காதேங்கோ.

செருப்புக் கழற்ற முதல்
தர்மினி சுவிட்சை அமத்தினாள்.
பையை இறக்கினாள்.
பிள்ளைகளைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

"நீங்கள் சாப்பிடேல்லை" என்றாள்.