ஒன்றரை அடி

ஆரப்பாளையத்தில் எங்கள் பக்கத்து ஏழு தெருவிலும்
எனக்குத் தெரியாத அடுப்படி கிடையாது.
முத்திரையை உடைத்து, மூடியைக் கழற்றி,
சோப்புநுரை தடவிக் கசிவு பார்த்து,
ஓ.டி.பி. கேட்டு வாங்கிக்கொண்டு
"டியூப்புல தேதி முடிஞ்சுருச்சுக்கா, மாத்திருங்க"
என்று சொல்லிவிட்டு
காலி சிலிண்டரைத் தோளில் போட்டு
படியிறங்குகிறவன்.

போன புதன்கிழமை
அமலி அடுப்படி நிலையைத் தாண்டினாள்.
வலது கையை முதலில் வைத்து,
அப்புறம் முட்டி, அப்புறம் வயிறு.
பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.
அனுமதி கேட்கவில்லை.
வந்துவிட்டதைத் தெரிவித்தாள்.

ஞாயிறு. முதல் பூசை மணி அடித்து ஓய்ந்திருந்தது.
இரவு டூட்டி முடித்து வந்த ஜெசிந்தா
கொசுவலைக்குள் சுருண்டிருந்தாள்.
பதினோரு மணி வரை வீடு தும்மக்கூடக் கூடாது.

கைலியை மடித்துக் கட்டி
நானும் தரையில் இறங்கினேன்,
நாலு காலில், மகள் உயரத்துக்கு.

அங்கிருந்து பார்த்தால் அது வேறொரு வீடு.
சமையல் மேடை கூரையாகிவிடுகிறது.
கூரை விளிம்பில் வாணலி
காதை நீட்டிக்கொண்டு
"வந்து இழு" என்கிறது.
சுவரில் சாய்ந்த அரிவாள்மணை
தூங்குவதுபோல் நடிக்கிறது.
கலர் பாட்டிலில் பினாயில்
(ஊற்றி வைத்தவன் நான்தான்).
மிக்ஸி வயர், எட்டிப் பிடிக்கத் தோதாக.
சிலிண்டருக்குப் பின்னால்
ஒரு புளியங்கொட்டை, ரெண்டு உளுந்து,
மல்லிகைப் பொட்டலம் கட்டிய நூல்,
சுவிட்ச் போர்டிலிருந்து விழுந்த ஒரு திருகாணி.
எல்லாம் அவள் வாய்க்கு
அளவெடுத்துச் செய்தவை.

பிறகு, அது.
ஆரஞ்சு நிறத்தில் வளைந்து தொங்கும் டியூப்.
நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்
சின்ன எழுத்தில் தேதி.
முடிந்து பதினான்கு மாதம்.

வாசலில் நிற்கும் வண்டிப் பெட்டியில்
விற்பனைக்கென்று ஆறு புது டியூப்
எப்போதும் கிடக்கும்.

சத்தமில்லாமல் ரெகுலேட்டரை மூடினேன்.
சத்தமில்லாமல் மாற்றினேன்.
சோப்புநுரை தடவி
வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒரு குமிழி இல்லை.

பினாயிலும் அரிவாள்மணையும் பரணுக்குப் போயின.
வாணலி சுவர்ப்பக்கம் காதைத் திருப்பிக்கொண்டது.
மேல் அலமாரிக் கதவுகளைத் தொடவில்லை;
கீழ்க் கதவுகளை ஜெசிந்தாவின்
ஹேர்பேண்டால் கட்டினேன்.
இடது ஓரக் கதவை மட்டும் விட்டேன்.
அது அமலிக்கு.

நீளமான பாட்டிலில் அரிசி போட்டு
மூடியை டேப்பால் ஒன்பது சுற்று சுற்றி
கிலுகிலுப்பை செய்து வைத்தேன்.
கூலி இல்லாத வேலைக்கு இவ்வளவு பெருமை
ஆகாதுதான்.
அவள் அதைத் தள்ளிவிட்டாள்.
இட்லித் தட்டை எடுத்தாள்.
குழி ஒவ்வொன்றிலும் விரலை வைத்தாள்,
கன்னத்தை வைத்தாள்,
நக்கினாள்,
மரக்கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

அப்புறம் எங்கே தூக்கம்?
கூந்தலை அள்ளி முடிந்தபடி
ஜெசிந்தா நிலையில் வந்து நின்றாள்.
கண் நேரே அடுப்புக்குத்தான் போனது.
"டியூப்ப மாத்திட்டியா?"
"ம்."
"கிறிஸ்மஸ்லருந்து சொல்றேன்."
"ம்."

அதற்குள் அமலி எதையோ மென்றாள்.
புளியங்கொட்டை, உளுந்து, நூல், திருகாணி
எல்லாம் எண்ணித்தானே பொறுக்கினேன்!
வாய்க்குள் விரலை விட்டேன்.
கீழ் ஈறில், அரிசிக் குருணைபோல்,
கூராக ஒன்று தட்டுப்பட்டது.
நெம்பி எடுக்கப் பார்த்தேன்.
வரவில்லை.
கடித்தாள்.

"என்னடா?"
நான் பதில் சொல்லவில்லை.
ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டுத்
தன் விரலையும் விட்டுப் பார்த்தாள்.
அவளுக்கும் ஒரு கடி.
ரெண்டு பேரும் விரலைப் பிடித்துக்கொண்டு
தரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

கழற்றிப் போட்ட பழைய டியூப்
கதவோரம் சுருண்டு கிடந்தது.
ஆரஞ்சு நிறம்.
அமலி அதைப் பார்த்துவிட்டாள்.

வலது கையை
முதலில் வைத்தாள்.