முதுகில் அச்சடித்த ஊர்கள்

நான் பார்ப்பது முதுகுகளைத்தான்.
நாளொன்றுக்கு அறுநூறு பீஸ்.
தையல் விலகியிருக்கிறதா, பிசிறு நிற்கிறதா,
எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா.

மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு கறுப்பு ஆர்டர்.
நெஞ்சில் மண்டையோட்டுக்குள் நுழையும் ரயில்.
முதுகில் பொடி எழுத்தில் இருபத்திரண்டு ஊர்:
லீட்ஸ், ஹாம்பர்க், ஆஸ்லோ, துலூஸ்
என்று கீழே இறங்கும்.
நாலாயிரம் தடவை படித்ததில்
ஊத்துக்குளி பஸ் நிற்கும் இடங்களைப் போல
வரிசை மனப்பாடம்.
அது என்ன ஊர்வலம் என்றுதான் தெரியாது.

பிரிண்டிங் கார்வேந்தன் சொன்னான்:
"பாட்டுக்காரங்களுங்க்கா, அவங்க கச்சேரி பண்ற ஊரெல்லாம் அது.
அவங்க இங்க எதுக்கு வர்றாங்க?
அவங்களாட்டமே வாசிக்கற பசங்க நம்மூர்ல இருக்கறாங்க.
ஞாயித்துக்கெழமை. வர்றீங்களா?"

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு மண்டபம்.
காலையில் முடிந்த சீருக்குக் கட்டிய வாழைமரம்
வாசலிலேயே சாய்ந்து நின்றது.
மேடைச் சுவரில் தெர்மோகோலில்
யாழினியின் பூப்புனித நன்னீராட்டு விழா.
அந்த எழுத்துக்குக் கீழே ட்ரம்ஸ்.
அறுபது பேர் இருந்தோம்,
சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்த நாலு பேரையும் சேர்த்து.

அடிக்கிறவன் நவநீதன், சாயப்பட்டறை;
நகக்கண்ணில் போகாத நீலம்.
பேஸ் கிட்டார் ஜெபராஜ், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன்.
பாட வந்தவனைப் பார்த்ததும்
எனக்கு வாய் உலர்ந்தது.
தை மாதம் எங்கள் வாசலில் நின்று
தெருவே கேட்கக் கத்தி
என்ற அண்ணன் வண்டியை உருட்டிப் போன
ஃபைனான்ஸ்காரன்.
அதே தொண்டை.
கத்தியதும் இதே உயரத்தில்தான் கத்தினான்.

மைக்கைப் பிடித்து அவன் கூவினான்: "ஹலோ லீட்ஸ்!"
பசங்கள் விசிலடித்தார்கள்.
வெள்ளைக்காரன் ரெக்கார்டில் சொன்னதை
மூச்சு முதல் அப்படியே சொல்கிறானாம்.

பிறகு வந்ததை எப்படிச் சொல்ல.
நூறு பவர் டேபிள் ஒன்றாய் ஓடும் ஹாலில்
பதினோரு வருசம் உட்கார்ந்தவள் நான்,
சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை.
ஆனால் அந்தச் சத்தத்தில் யாரும் எதையும்
தைத்து முடிக்க வேண்டியதில்லை.
மேல் ஸ்தாயியில் அவன் குரல் பிசிறியது.
பிசிறைக் கண்டால் கத்தரிக்கோலுக்குப் போகும் கை
மடியிலேயே கிடந்தது.

அவன் திரும்பினான்.
முதுகில் ஹாம்பர்க்கின் நடு எழுத்து அச்சேறவில்லை.
நான் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிய பீஸ்.
காதர்பேட்டையில் எடைக்கு வாங்கியிருப்பான்.

அடுத்த மாதம் கோயமுத்தூர்,
அவிநாசி ரோட்டு ஓட்டல் மொட்டை மாடி.
தண்ணீர் பாட்டில் நூற்றிருபது ரூபாய்.
சாப்பிடுகிறவர்கள் முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.
அவன் சொன்னான்: "ஹலோ ஹாம்பர்க்!"
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதை யாரிடமும் சொல்லவில்லை.
சரியா என்று பார்க்கவே
பெருந்துறைக் காலேஜ் வரை போனேன்.
சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிப்
பசங்கள் தண்ணீர்ப் பாக்கெட் வீசினார்கள்.
ஒன்று அவன் காதில் பட்டு உடைந்தது.
எனக்கு ஒரு நொடி சந்தோசம்.
மறு நொடி எழுந்து நின்று
முன் வரிசைப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
அண்ணன் கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.
ஈரத் தலையோடு அவன் மைக்கை நிமிர்த்தினான்.
"ஹலோ..."
நான் முந்திக்கொண்டு வாய்க்குள் சொன்னேன்:
ஆஸ்லோ.

வெளியே டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்றான்.
"உங்கள எங்கியோ பாத்திருக்கனுங்க."
வாசலைச் சொல்லியிருக்கலாம்.
"நானும் உங்க முதுகப் பாத்திருக்கறனுங்க" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தான்.
டீ ஆறும் வரை சும்மா நின்றுவிட்டுக் கேட்டேன்:
"துலூஸ் எங்கீங்க?"

கிளாஸைக் கீழே வைத்தான்.
என்னை அப்போதுதான் பார்த்தவன் போல்
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"காங்கேயமுங்க. பஸ்டாண்டுக்குப் பின்னால,
ரைஸ்மில் அசோசியேசன் ஹாலு. இருவத்தி மூணாந் தேதி."

முடிய ராத்திரி பத்தாகும்.
அண்ணனிடம் கேட்க வண்டி இல்லை.
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
கார்வேந்தனைத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.