அரசர் பெயருக்கு விட்ட இடம்

படிவத்தில் மாவட்டம் வடஆற்காடு என்றே அச்சாகியிருக்கிறது.
அதை அடித்து யாரோ வேலூர் என்று எழுதி,
அதையும் அடித்து நான் ராணிப்பேட்டை என்று எழுதினேன்.
வெயிலை மட்டும் மூன்றாகப் பிரிக்க முடியவில்லை.

தக்கோலத்துக்குத் தெற்கே, பேருந்து திரும்பிப் போகும் ஊர்.
கோயிலின் தென்சுவரைத் தேய்த்துக் கழுவினோம்.
ஈரத்தாளை ஒட்டிச் சற்குணம் பிரஷ்ஷால் அடிக்க
நான் மை ஒற்றினேன்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய் எழுத்து வந்தது.

ஸ்வஸ்திஸ்ரீ மதிரை

அவ்வளவுதான்.
பிறகு ஒன்றரை முழம் வெறுங்கல்.
தேய்ந்ததில்லை, கொத்தி அழித்ததுமில்லை.
விரல் வைத்துப் பார்த்தேன்,
உளி இங்கே வரவேயில்லை.

மதிரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரிக்கு
யாண்டு நாற்பத்து மூன்றோ என்னவோ,
அதைத்தான் வெட்ட ஆரம்பித்திருப்பான்.
நடுவில் எவனாவது ஓடிவந்திருப்பான்:
இளவரசர் ஆனைமேல் துஞ்சினார்,
கச்சியும் போச்சு,
இனிமேல் கன்னரதேவர் யாண்டு.
இல்லை, இன்னும் இல்லை.
நாளைக்குத்தான் தெரியும்.
தச்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
ராஜாவுக்கு இடம் விட்டு
அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது.

அப்படியானால் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது.
மோர்சாதத்துக்கு நடுவே சற்குணம் கைப்பேசியில் தேடினான்.
கொரியாவில் அண்ணன் செத்துத் தம்பி பட்டமேறுகிறான்.
ஷிராஸில் பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லாமல்
பதின்மூன்று வயதுப் பையன் கைக்கு நாடு வருகிறது.
கிரீட் தீவைப் பிடிக்கக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து
போன படை தோற்றுப்போகிறது.
மஞ்சளாற்றங்கரை முற்றுகையில் ஒரு தளபதி
குடும்பத்தோடு தீயில் விழுகிறான்.
கன்னட தேசத்து ஆத்தகூரில்,
நம் இளவரசன் செத்ததைச் சொல்லும் அதே கல்லில்
ஒரு நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.
காளி என்று பெயர்.
பன்றியோடு பொருது இரண்டும் செத்தன.

"நாய்க்குப் பேர் இருக்கு சார்,
நம்ம கல்லுல ராஜாவுக்கு இல்ல"
என்றான் ஊறுகாயை நக்கிக்கொண்டே.

மீதி வரிகள் சுத்தமாய் இருந்தன.

கொற்றன் கண்டி மணவாட்டி நங்கை நிறைமதி
வைத்த நொந்தா விளக்கு ஒன்று
இதுக்கு வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூறு
இவ்வாடு கைக்கொண்டு நிசதி உழக்கு நெய்
அட்டுவேனானேன் மன்றாடி ஏறன் பொற்காடன்

தொண்ணூற்றாறு விடுவதும் உண்டு.
அந்த ஆறு எங்கே என்று கேட்கத் தோன்றியது.
அந்த வருஷம் இந்த வழியே எத்தனை படை,
எத்தனை அடுப்பு.
கண்டி எங்கே என்று நான் கேட்கவில்லை.
விளக்கு வைத்தவள் மணவாட்டி.

பொற்காடனுக்கு
யார் யாண்டானாலும் உழக்கு உழக்குதான்.
கிழடு சாகும், சினை ஈனும்,
கணக்கில் தொண்ணூறு குறையக் கூடாது.
சாவா மூவா என்பது ஆட்டுக்குக் கிடைத்த வரமில்லை.
ஆட்டுக்காரன் தலையில் கட்டிய கடன்.
பின்பனிக் காலத்தில் பால் வற்றியபோது
யார் வீட்டில் கடன் வாங்கி அளந்தானோ.
நெய் எந்த ராத்திரி நின்றது என்று
எந்தக் கல்லிலும் இல்லை.

நாலு மணிக்குத் தாள் உரிக்கிற பதம்.
சற்குணம் சுருளுக்குத் திரும்பிய நேரம்
பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு,
காதில் அரசாங்கத்து மஞ்சள் வில்லை,
இடது மூலையைக் கடித்து இழுத்துவிட்டது.
மதிரை போனது.
மதிரைக்கு அப்பால் இருந்த ஒன்றுமில்லாததில்
பாதியும் போனது.
சற்குணம் கல்லைத் தூக்கினான்.
விடுடா என்றேன்,
இன்னொரு தாள் இருக்கு.

அரசர்: ஒரு கோடு.
ஆட்சியாண்டு: ஒரு கோடு.
செய்தி: ஆடு, தொண்ணூறு.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
அது இன்னும் மென்றுகொண்டிருந்தது,
வாயெல்லாம் மை.